கீபோர்டுக்குள் ஒரு குட்டித் திரை இருக்கிறது, தெரியுமா?

குறுக்கே 22, நெடுக்கே 6. ஆக மொத்தம் 132 கட்டங்கள். ரேசர் கம்பெனி தன் கேமிங் கீபோர்டை இப்படித்தான் பார்க்கிறது, தெரியுமா? எழுத்தடிக்கும் பலகையாக அல்ல, 132 புள்ளிகள் கொண்ட ஒரு குட்டித் திரையாக! லாஜிடெக்கின் கணக்கு கொஞ்சம் வேறு: 21க்கு 6. புள்ளி ஒன்றுக்கு நான்கு பைட். பெருக்கிப் பாருங்கள், 504 பைட். இந்த 504 எண்களை வரிசையாக அடுக்கி, லாஜிடெக் இலவசமாகத் தரும் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கீபோர்டு முழுக்க ஒரு படம் விரிந்துவிடும். நொடிக்கு முப்பது முறை கூப்பிட்டால்? சினிமா! பாம்பு விளையாட்டைத் திரையில் ஆடாமல் விசைகளின் மேலேயே ஓடவிட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 256 படி வெளிச்சம். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டர் காட்டுகிற அதே எண்ணிக்கை! இதை வைத்துக்கொண்டு பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? பெட்டியைப் பிரித்ததும் வானவில் ஓடுவதை இரண்டு நாள் ரசித்துவிட்டு, அப்படியே விட்டுவிடுவது. அநியாயம்!

சரி, கீபோர்டில் விளக்கு எப்போது வந்தது தெரியுமா? 1981ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யின் கீபோர்டில் கேப்ஸ் லாக் இருந்தது, ஆனால் அது போடப்பட்டிருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்குகூடக் கிடையாது! காரணம் வேடிக்கையானது. அந்தக் கீபோர்டு பேசும், கம்ப்யூட்டர் கேட்கும். அவ்வளவுதான். திருப்பிப் பேசக் கம்ப்யூட்டருக்கு வழியே இல்லை. 1984ல் வந்த பி.சி. ஏ.டி. மாடலில்தான் பேச்சு இருவழியானது. உடனே மூன்று விளக்குகள் முளைத்தன: நம் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக்.

அந்த விளக்கை எரிய வைக்கும் முறை இன்னும் அழகு. கம்ப்யூட்டர் 237 என்ற எண்ணை அனுப்பும். கீபோர்டு ‘கேட்டுவிட்டது’ என்று 250ஐத் திருப்பி அனுப்பும். அடுத்து கம்ப்யூட்டர் இன்னொரு எண்: 1 என்றால் ஸ்க்ரோல் லாக், 2 என்றால் நம் லாக், 4 என்றால் கேப்ஸ் லாக். மூன்றும் எரிய வேண்டுமா? 7! கீபோர்டு விளக்குக்கான முதல் ‘லைப்ரரி’ இதுதான் என்று நான் சொல்வேன். பின்னாளில் யு.எஸ்.பி. வந்தபோது இந்த வரிசையை மாற்றி, நம் லாக்குக்கு 1, கேப்ஸ் லாக்குக்கு 2, ஸ்க்ரோல் லாக்குக்கு 4 என்று வைத்துவிட்டார்கள். ஏன் மாற்ற வேண்டும்? கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் உலகில் இப்படித்தான்.

இந்த மூன்று விளக்குகளை வைத்தே மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அடியோடு நிலைகுலைந்து நின்றுபோனால், திரையில் எதுவும் தெரியாவிட்டாலும் கீபோர்டு விளக்குகள் பளிச் பளிச் என்று மின்னும். ‘நான் போய்விட்டேன்’ என்று பொருள்! சும்மா மின்னுவானேன், என்ன கோளாறு என்பதை மோர்ஸ் குறியீட்டில் மின்னட்டுமே என்று 2002ல் ஒருவர் நிஜமாகவே நிரல் எழுதி அனுப்பினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1999ல், நீல் ஸ்டீவன்சன் எழுதிய ‘கிரிப்டோனோமிகான்’ நாவலில், திரையை யாரோ தொலைவிலிருந்து வேவு பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படும் கதாநாயகன், கீபோர்டு விளக்கை மோர்ஸ் குறியீட்டில் சிமிட்ட வைத்துச் செய்தியைப் படித்துக்கொள்வான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே செய்து பார்க்கலாம். லைப்ரரிகூட வேண்டாம்! லினக்ஸில் எல்லாமே கோப்பு. கேப்ஸ் லாக் விளக்குக்கும் ஒரு கோப்பு உண்டு, பெயர் ‘பிரைட்னஸ்’. அதில் 1 என்று எழுதினால் விளக்கு எரியும், 0 என்று எழுதினால் அணையும். பக்கத்திலேயே ‘டிரிகர்’ என்று இன்னொரு கோப்பு. அதில் ‘ஹார்ட்பீட்’ என்று எழுதுங்கள். உங்கள் கேப்ஸ் லாக் விளக்கு லப்டப் லப்டப் என்று இதயம் போல் துடிக்க ஆரம்பிக்கும்! கம்ப்யூட்டருக்கு வேலைப்பளு கூடினால் துடிப்பும் வேகமாகும்! மெனக்கெட்டு யாரோ கர்னலுக்குள்ளேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்று பச்சைப் புள்ளிகளிலிருந்து ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் நிறங்களுக்கு வர ஏன் முப்பது வருடம்? முதல் தடை, நீலம் இல்லாதது! கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962ல் செய்துவிட்டார். பிரகாசமான நீலம் மட்டும் 1990களின் தொடக்கம் வரை யார் கைக்கும் சிக்கவில்லை. ஜப்பானில் பிறந்த மூவர், அகாசாகி, அமானோ, நாகாமுரா, அதைச் சாதித்தார்கள். 2014ல் மூவருக்கும் இயற்பியல் நோபல். அதே 2014ல்தான் ரேசர் ‘பிளாக்விடோ குரோமா’வும் கோர்செய்ர் ‘கே70 ஆர்.ஜி.பி.’யும் விசைக்கு விசை நிறம் மாறும் கீபோர்டுகளாகக் கடைக்கு வந்தன. தற்செயல்தான், ஆனால் என்ன பொருத்தம்!

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. ரஷ்யாவின் ஆர்ட் லெபெதேவ் ஸ்டுடியோ 2008ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஆப்டிமஸ் மேக்சிமஸ்’. அதன் 113 விசைகளிலும் 48க்கு 48 புள்ளி கொண்ட ஓ.எல்.இ.டி. திரை! விலை 1,500 டாலருக்கு மேல். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர், பார்த்து ஏங்கியவர்கள் ஏராளம்.

இப்போது லைப்ரரி கதைக்கு வருவோம். நீங்கள் எழுதும் புரோகிராம் கீபோர்டு விளக்கை எப்படித் தொடுகிறது? ஏதோ மந்திரம் என்று நினைப்பீர்கள். ரேசர் விஷயத்தில், நீங்கள் தினமும் வெப்சைட் பார்க்கிற அதே எச்.டி.டி.பி.தான்! ரேசரின் சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே 54235 என்ற போர்ட்டில் ஒரு குட்டி வெப் சர்வரை ஓடவிட்டுக் காத்திருக்கிறது. முதலில் உங்கள் புரோகிராம் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்: பெயர் என்ன, என்ன செய்யும், எழுதியவர் யார், எந்தெந்தக் கருவியைத் தொடும். எல்லாம் சொன்னால், ‘இந்தா, இனி இந்த முகவரிக்கு வா’ என்று தனி வழி காட்டும். போனால் 132 எண்களைக் கொடுத்து விளக்கேற்றலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. 15 நொடி நீங்கள் பேசாமல் இருந்தால், நீங்கள் செத்துப் போய்விட்டதாக முடிவு கட்டி இணைப்பை அறுத்துவிடும்! அதனால் நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கும் பெயர் ஹார்ட்பீட்தான். புதிதாக எழுதுகிறவர்கள் ‘விளக்கு நன்றாக எரிந்தது, கொஞ்ச நேரத்தில் பழைய வானவில்லுக்கே போய்விட்டது’ என்று தலையைச் சொறிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதை மறப்பதுதான்.

ஸ்டீல்சீரிஸ் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய ‘கேம்சென்ஸ்’ முறையிலும் உள்ளூர் வெப் சர்வர்தான். ஆனால் நிறத்தை முடிவு செய்யும் விதிகளை எந்த மொழியில் எழுதலாம் தெரியுமா? லிஸ்ப்! 1958ல் ஜான் மெக்கார்த்தி செயற்கை அறிவு ஆராய்ச்சிக்காக உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப்! அதன் ஒரு வடிவத்தை, ‘கோலிஸ்ப்’ என்ற பெயரில், கோ மொழியில் எழுதி உள்ளே பொதித்திருக்கிறார்கள். அடைப்புக்குறிகளுக்குள் அடைப்புக்குறிகளாக எழுதி, விளையாட்டில் உங்கள் உயிர் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் எஃப் வரிசை முழுக்கச் சிவப்பாக்கு என்று சொல்லலாம். கல்லூரியில் லிஸ்ப் படித்தவர்கள் ‘இது எங்கே உதவும்’ என்று கேட்டிருப்பீர்களே, இதோ பதில்!

அடுத்தது சுத்த நகைச்சுவை. நிறத்தை எப்படிச் சொல்வது என்பதில் கம்பெனிகளுக்குள் ஒத்துப்போவதில்லை. வெப்சைட் வடிவமைக்கிறவர்களுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்பதுதான் வரிசை. ரேசர் லைப்ரரிக்கோ நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ்! 16711680 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டில் அது சுத்தச் சிவப்பு. ரேசர் கீபோர்டில் சுத்த நீலம். லாஜிடெக்கில் இன்னொரு கூத்து. விளக்கேற்றும் சாதாரண ஃபங்ஷனுக்கு 0 முதல் 255 என்ற கணக்கே கிடையாது, சதவீதம்தான்! 100தான் உச்சம். அதே லாஜிடெக்கின் பிட்மேப் ஃபங்ஷனுக்குப் போனால் மறுபடி 255, அதுவும் நீலத்தில் தொடங்கி. கையால் கீபோர்டு செய்கிறவர்கள் பயன்படுத்தும் டபிள்யூ.எஸ்.2812 என்ற எல்.இ.டி. சில்லைக் கேட்டால், பச்சையைத்தான் முதலில் அனுப்பு என்கிறது! சிவப்பை ஏற்றப் போய்ப் பச்சை எரிந்தால் உங்கள் மேல் தப்பில்லை. வரிசையை மாற்றிப் பாருங்கள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்க ஓப்பன் சோர்ஸ்காரர்கள் கிளம்பினார்கள். ‘ஓப்பன் ஆர்.ஜி.பி.’! எந்தக் கம்பெனிக் கீபோர்டாக இருந்தாலும், மவுஸாக இருந்தாலும், ரேம் விளக்காக இருந்தாலும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே லைப்ரரி. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம். இதுவும் உள்ளே ஒரு சர்வரை ஓடவிடுகிறது. போர்ட் எண் 6742. ஏன் 6742? பழைய பட்டன் செல்போனை நினைத்துக்கொள்ளுங்கள். ஓ என்ற எழுத்து 6ல் இருக்கும். ஆர் 7ல். ஜி 4ல். பி 2ல். ஓ, ஆர், ஜி, பி! எண்ணுக்குள் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

பைத்தான் தெரிந்தவர்களுக்கு ‘ஓப்பன்ஆர்ஜிபி-பைத்தான்’ என்ற லைப்ரரி இருக்கிறது. பைத்தானின் பிப் கருவி மூலம் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வேலை மொத்தம் நாலைந்து வரி: லைப்ரரியை அழை, சர்வரோடு சேர், கருவிகளில் கீபோர்டைப் பொறுக்கு, நிறத்தைக் கொடு. விசை விசையாகப் பிரித்து நிறம் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு விளக்குக்கும் பெயரும் உண்டு, ‘கீ: ஏ’, ‘கீ: பி’ என்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஓப்பன் ஆர்.ஜி.பி.யை எழுதியவர்கள் பட்ட பாடு தெரியுமா? பல கம்பெனிகள் தங்கள் கீபோர்டு என்ன மொழியில் பேசுகிறது என்று வெளியே சொல்வதே இல்லை. அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒட்டுக் கேட்டுத்தான்! கம்பெனியின் சாஃப்ட்வேரை ஓடவிட்டு, யு.எஸ்.பி. கம்பியில் போகிற தகவலை வயர்ஷார்க் என்ற கருவியால் பிடிப்பார்கள். சிவப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிடிபட்ட எண்களில் 255, 0, 0 எங்கே வருகிறது என்று தேடுவார்கள். பச்சைக்கு மாற்றினால் எந்த எண் இடம் மாறுகிறது? விளக்கை மங்கலாக்கினால் எது குறைகிறது? இப்படியே துப்பறிந்து துப்பறிந்து மொழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். லினக்ஸுக்கான ‘ஓப்பன்ரேசர்’ இப்படிப் பிறந்ததுதான். ரேசர் கருவிகள் பேசும் ஒவ்வொரு செய்தியும் சரியாக 90 பைட் நீளம் என்பதும், கடைசிக்கு முந்தைய இடத்தில், முதல் இரண்டைத் தவிர முன்னால் வந்த பைட்டுகளை எல்லாம் எக்ஸ்.ஓ.ஆர். செய்து ஒரு சரிபார்ப்பு எண் வைக்கிறார்கள் என்பதும் இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம்படி நிரலாகவே கிடக்கிறது. ஒரு செய்தியில் ஒரு வரிசை விசைக்குத்தான் இடம். ஆறு வரிசைக்கு ஆறு செய்தி. நீங்கள் பார்க்கும் அந்த வழுக்கிக்கொண்டு ஓடும் அலை, உண்மையில் ஆறாறாகப் போகும் தந்தி!

விண்டோஸ் சும்மா இருக்குமா? 2023 செப்டம்பரில் விண்டோஸ் 11க்கு ‘டைனமிக் லைட்டிங்’ வந்தது. கம்பெனி சாஃப்ட்வேர் எதுவும் இல்லாமல் செட்டிங்ஸிலேயே விளக்கை மாற்றலாம். இதற்கு அடிப்படை ‘லேம்ப் அர்ரே’ என்ற பொதுவான யு.எஸ்.பி. நெறிமுறை. இதில் கீபோர்டு தன் ஒவ்வொரு விளக்கும் எங்கே இருக்கிறது என்று தானே சொல்லிவிட வேண்டும். எந்த அலகில் தெரியுமா? மைக்ரோமீட்டரில்! மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! பக்கத்துப் பக்கத்து விசைகளுக்கு இடையே வழக்கமான தூரம் 19.05 மில்லிமீட்டர். லேம்ப் அர்ரே பாஷையில் 19,050. நீளம், அகலம் மட்டுமல்ல, உயரமும் சொல்ல வேண்டும். இவ்வளவு துல்லியம் எதற்கு? ஒரு விசையை அழுத்தினால் குளத்தில் அலை பரவுவதுபோல் வட்டமாக ஒளி பரவுகிறதே, அதற்கு ஒவ்வொரு விசையும் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம்தான் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடிக்கொண்டிருக்கிறது!

கீபோர்டுக்கு உள்ளேயே எழுதப்படும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான கியூ.எம்.கே. இதைச் சிக்கனமாகச் செய்கிறது. அதற்குக் கீபோர்டு எதுவானாலும் அகலம் 0 முதல் 224, உயரம் 0 முதல் 64. நடு மையம் 112, 32. நிறச் சக்கரத்துக்கும் 360 பாகை கிடையாது, 0 முதல் 255. ஏன் என்றால் எல்லாமே ஒரே பைட்டில் அடங்க வேண்டும்! உள்ளே இருக்கும் சில்லு அவ்வளவு சிறியது.

இனி மின்சாரக் கணக்கு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு டபிள்யூ.எஸ்.2812 விளக்கு முழு வெள்ளையில் எரிந்தால் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 104 விசை என்றால்? 6 ஆம்பியருக்கு மேல்! யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவதோ 500 மில்லி ஆம்பியர்! பன்னிரண்டு மடங்குக்கு மேல் பற்றாக்குறை! அப்படியானால் கடைக் கீபோர்டு எப்படி எரிகிறது? எரிவதே இல்லை என்பதுதான் ரகசியம்! கியூ.எம்.கே. கீபோர்டுகளில் பரவலாக உள்ள ஐ.எஸ்.31எஃப்.எல்.3733 என்ற சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 12க்கு 16 என்று 192 எல்.இ.டி., அதாவது மூன்று மூன்றாக 64 விசைகளைக் கவனிக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான். பன்னிரண்டு வரிசைகளை மாற்றி மாற்றி ஏற்றி அணைக்கிறது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். ஒவ்வொரு விளக்கும் பன்னிரண்டில் பதினொரு பங்கு நேரம் இருட்டில்தான் இருக்கிறது! ‘பளபள’ என்று நீங்கள் ரசிப்பது பெரும்பாலும் இருட்டை.

கண் ஏமாறுவது அத்தோடு முடியவில்லை. பாதி வெளிச்சம் வேண்டும் என்று 255க்குப் பதில் 128 கொடுத்தால் பாதியாகத் தெரியாது, முக்கால்வாசி வெளிச்சமாகத் தெரியும்! கண் மங்கலான ஒளியில் கூர்மையாகவும் பிரகாசத்தில் மந்தமாகவும் வேலை செய்வதுதான் காரணம். நல்ல லைப்ரரிகள் ‘காமா’ திருத்தம் என்ற கணக்கைப் போட்டு இதைச் சரி செய்கின்றன. ஆரஞ்சு நிறம் இன்னும் மோசம். மானிட்டரில் அழகான ஆரஞ்சாக இருக்கும் 255, 165, 0 கீபோர்டில் மஞ்சளாகப் பல்லிளிக்கும். பச்சையை 60 வாக்கில் இறக்கிப் பாருங்கள், ஆரஞ்சு வரும்.

ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் நிறம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதெல்லாம் உண்மையா? 2014ல் வந்த முதல் தலைமுறைக் கீபோர்டு ஒன்றை வாங்கியவர்கள் துருவிப் பார்த்தபோது, உள்ளே இருந்த சில்லு நிறத்துக்கு எட்டே எட்டுப் படிதான் காட்டும் என்று தெரிய வந்தது. எட்டு பெருக்கல் எட்டு பெருக்கல் எட்டு: 512 நிறம்! பெரிய ரகளை ஆனது. அந்த வகைக் கீபோர்டுகளுக்கு லினக்ஸ் நிரல் எழுதியவர்கள் அழகாகச் சமாளித்தார்கள். இல்லாத நிறம் வேண்டுமா? பக்கத்துப் பக்கத்து விசைகளில் இருக்கிற இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி நிரப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றாவது நிறம் தெரியும். செய்தித்தாள் புகைப்படம் அச்சாகிற அதே உத்தி.

ஒரு ஆபத்தும் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். கீபோர்டுக்குள் ஒரு நினைவகம் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாலும் அதே நிறம் வர வேண்டும் என்பதற்காக. அந்த நினைவகத்தில் எழுதுவதற்கு ஆயுள் உண்டு. கையால் செய்யும் கீபோர்டுகளில் பிரபலமான ஏ.டி.மெகா32யு4 சில்லின் ‘இ.இ.புரோம்’ நினைவகத்துக்கு ஒரு லட்சம் முறை. லட்சம் என்றால் நிறைய என்று தோன்றுகிறதா? நொடிக்கு முப்பது முறை நிறம் மாற்றி, ஒவ்வொன்றையும் நினைவகத்தில் எழுதினால் 56 நிமிடத்தில் ஒரு லட்சம் தீர்ந்துவிடும்! ஒரு மணி நேரம்கூட இல்லை! இதற்காகவே கியூ.எம்.கே.யில் ‘நோ-இஇபுரோம்’ என்று முடியும் தனி ஃபங்ஷன்கள் வைத்திருக்கிறார்கள். ஓப்பன் ஆர்.ஜி.பி.யில் என்றால் ‘டைரக்ட்’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது எதையும் சேமிக்காது.

சரி, விளையாட்டுக்காக வாங்கிய கீபோர்டாயிற்றே, விளையாட்டு என்ன சொல்கிறது? கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடுகிறவர்களுக்கு ஒரு ரகசியம். விளையாட்டின் உள்ளே நடப்பதை அப்படியே வெளியே சொல்ல வால்வ் கம்பெனியே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஒரு சிறிய அமைப்புக் கோப்பை உரிய ஃபோல்டரில் போட்டால் போதும். உங்கள் உயிர் எவ்வளவு, குண்டு வைத்தாயிற்றா, எல்லாம் ஜேசன் வடிவில் உங்கள் புரோகிராமைத் தேடி வந்துகொண்டே இருக்கும். ஃப்ளாஷ் குண்டில் கண் கூசினால் அதற்கும் ஒரு எண் வரும், 0 முதல் 255 வரை! கவனித்தீர்களா? விளக்கின் அதே அளவுகோல்! அந்த எண்ணை அப்படியே மூன்று நிறத்துக்கும் கொடுத்தால், திரையோடு சேர்ந்து கீபோர்டும் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். இரண்டே வரி நிரல்.

இந்த விளக்கால் உளவு பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியே விட்டார்கள்! இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் ‘கன்ட்ரோல் ஆல்ட் எல்.இ.டி.’ என்று குறும்பாகப் பெயர் வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்டர்நெட், வைஃபை எதுவுமே இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகளைச் சிமிட்டியே தகவலைக் கடத்தினார்கள். ஒளி உணரி வைத்துப் பிடித்தால் நொடிக்கு 3,000 பிட் வரை. சாதாரண செல்போன் கேமரா போதும் என்றால் 120 பிட்டுக்கு மேல். நொடிக்குப் பதினைந்து எழுத்து. ஒரு பாஸ்வேர்டு போய்ச் சேர ஒரு நொடி! அதற்கு முதலில் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் ஆறுதல்.

இன்னொரு எச்சரிக்கை நம்மைப் போன்றவர்களுக்கு. 2025 மார்ச்சில் பல பேருடைய விண்டோஸ் டிஃபென்டர் திடீரென்று அலறியது. காரணம், மின்விசிறி, விளக்கு சாஃப்ட்வேர்கள் பல பயன்படுத்திய ‘வின்ரிங்0’ என்ற டிரைவர். அதில் ஓட்டை இருப்பது 2020லேயே தெரிந்த விஷயம். ரேம், மதர்போர்டு விளக்குகளைத் தொட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் அடிமட்டம் வரை போக வேண்டும், அதற்குத்தான் அந்த டிரைவர். கீபோர்டுக்கு அது தேவையே இல்லை, யு.எஸ்.பி. போதும். கீபோர்டு விளக்குக்காகக் கர்னல் வரை அனுமதி கேட்கிற சாஃப்ட்வேரைப் பார்த்தால் நான் ஓடிவிடுவேன்.

விளையாடாதவர்களுக்கு என்ன பயன் என்கிறீர்களா? நிரல் எழுதுகிறவர்கள் சோதனை தோற்றால் எஸ்கேப் விசையைச் சிவப்பாக்கிக்கொள்கிறார்கள். வீடியோ எடிட் செய்கிறவர்கள் குறுக்குவழி விசைகளுக்கு மட்டும் நிறம் கொடுத்து மற்றதை அணைத்துவிடுகிறார்கள். நமக்கென்று ஒன்று சொல்கிறேன்: தமிழ் 99! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்து பன்னிரண்டும் இடது கைப்பக்கம், மெய்யெழுத்து பதினெட்டில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம். கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி (T) விசைகளில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. அதற்குக் கீழே ஏ, எஸ், டி (D) விசைகளில் அ, இ, உ. எஃப் விசை புள்ளி. ஜி விசையில் எ. அடியில் இசட், எக்ஸ், சி: ஔ, ஓ, ஒ. இந்தப் பன்னிரண்டுக்கும் ஒரு நிறம், புள்ளிக்கு ஒரு நிறம், பதினெட்டு மெய்க்கும் இன்னொரு நிறம். பைத்தானில் மூன்று பட்டியல், ஒரு ஃபார் லூப். விசையில் தமிழ் எழுத்து அச்சடிக்காத குறையே தெரியாது!

கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒன்றைக் கேளுங்கள்: விசைக்கு விசை நிறம் மாற்ற முடியுமா? மலிவுக் கீபோர்டுகள் பலவற்றில் வரிசைக்கு ஒரு நிறம் என்று நிரந்தரமாகப் பதித்த வானவில்தான் இருக்கும், அதை எந்த லைப்ரரியாலும் அசைக்க முடியாது. ஓப்பன் ஆர்.ஜி.பி. ஆதரிக்கும் மாடல்களின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பைத்தான் லைப்ரரியை இறக்கி ஒரே ஒரு விசையை ஏற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும்: நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும்படி எழுதாதீர்கள். ஒளி வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வெப்சைட்டுகளுக்கான அணுகல் விதிகளிலும் இதே மூன்றுதான் வரம்பு.